மாலை போட்ட சாமியும் என் மஞ்சள் கயிறும்

பாறை ஏற வேண்டுமென்றால் கழுத்தில் ஒன்றும் கிடக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. வேண்டிய ஏற்பாட்டை வீட்டிலேயே செய்துகொண்டு போயிருப்பேன். சொல்லவில்லை. பாறைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி, வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, தாலியைக் கழற்றுங்கள் என்று கையை நீட்டினால் எந்தப் பொம்பளைக்குத்தான் கோபம் வராது? இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வாக்கப்பட்டது கீழப்பாவூர். சுவாதி நட்சத்திரத்தன்று நரசிம்மர் கோயிலுக்குப் போகாமல் இருந்தது பிள்ளை பெற்ற சமயத்தில் மட்டும்தான். என் வீட்டுக்காரர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். போன மார்கழியில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவள் மட்டும் வந்தாள். வந்த அன்றே, "குத்தாலத்துல ரூம் போட்டுருக்கேன். மூணு பேரும் ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்" என்றாள்.

"இந்தா இருக்கு குத்தாலம். குளிச்சிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துரலாம். இதுக்கு ரூம் எதுக்குட்டி?" என்றார் இவர்.

"வேற எடத்துல தூங்கி எந்திரிச்சாத்தான்ப்பா லீவு" என்றாள் மகள்.

மார்கழிக் குற்றாலம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக அருவிக்கரை முழுக்கக் கறுப்பு வேட்டி. பெண்கள் பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது. நன்றாகத் தலைகொடுத்துக் குளித்தேன், குற்றாலநாதரைக் கும்பிட்டேன், சிப்ஸ் வாங்கினேன். அத்தோடு எனக்கு லீவு முடிந்த மாதிரிதான். ஆனால் மகள், மறுநாள் காலையில் பாறை ஏறப் போவதற்குத் தனக்கும் தன் சிநேகிதிக்குமாக இரண்டு இடம் பதிந்து வைத்திருந்தாள். ஒரு கம்பெனிக்காரர்கள் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய், இடுப்பில் வார் கட்டி, கயிறு போட்டுப் பாறையில் ஏற்றி இறக்குகிறார்களாம். சிநேகிதிக்கு வர முடியாமல் போய்விட்டது.

"அப்பா, நீங்க வாரியளா?"

"என் முட்டிக்கு வீட்டு மாடியே பாறைதான்."

"நான் வாரேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ஏன் ஆசைப்பட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏறிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். ஆசைக்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுக்க முடியுமா?

காலையில் மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு சேலை தவிர வேறொன்று உடுத்தியது அன்றுதான். கண்ணாடியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டேஷனுக்கு ரெக்ரூட்மெண்டுக்கு வந்த பிள்ள மாதிரி இருக்கிய, மேடம்" என்றார். மேடம் என்று சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

ஜீப் வந்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓட்டுகிற அண்ணாச்சி நம் பக்கத்து ஆள். உள்ளே ஏற்கெனவே ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள். அவர் துபாயில் இருந்து லீவில் வந்தவர். அந்தப் பெண் நான் உட்காரும் முன்பே, "அக்கா, நீங்களும் ஏறுதியளா? அப்ப எனக்குப் பயமில்ல" என்று இடம் விட்டு நகர்ந்தாள். பின்சீட்டில் காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர். என் வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க என்று கூட வந்தார்.

ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் தனியாக நிற்கிற ஒரு மொட்டைப் பாறைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். கைடு அங்கே முன்னாலேயே வந்து, உச்சியில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத் தயாராக இருந்தார். வெளியூர்க்காரர், முப்பது வயது இருக்கும். கயிறு பிடிக்க அவருக்கு ஒரு கூட்டாளி. கைடைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோனது. ஏனென்றால் அவர் மாலை போட்டிருந்தார். பத்து நாள் தாடி, நெற்றியில் திருநீறும் சந்தனமும், பனியன் கழுத்துக்கு வெளியே துளசி மணி எட்டிப் பார்த்தது. காலில் பாறை ஏறுகிற செருப்பு இருந்தது, சரி, தொழில் அப்படி. மாலை போட்டவர் கையில் நம்மை ஒப்படைக்கிறோம், ஐயப்பன் பார்த்துக்கொள்வான் என்று கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி சரணம்" என்றேன்.

"ஹாய் ஆன்ட்டி" என்றார்.

மாலை போட்டவர்கள் எந்தப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சரி, பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன்.

எல்லாரையும் நிற்க வைத்து விளக்கம் சொன்னார். இடுப்பு வார் எப்படிப் போடுவது, தலைக்கவசம் எப்படி மாட்டுவது, மேலே இருந்து கல் விழுந்தால் என்ன செய்வது. நன்றாகத்தான் சொன்னார். அப்புறம், மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடச் சொன்னார். பாறையிலோ கயிற்றிலோ மாட்டிக்கொண்டால் விரல் போய்விடும், கழுத்து இறுகிவிடும் என்றார். நான் மோதிரத்தைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். கொண்டையில் இருந்த பூவைக்கூட எடுத்தேன், தலைக்கவசம் உட்காரவில்லை என்று. எனக்கு ஒன்றும் வீம்பு கிடையாது.

"சங்கிலியும், ஆன்ட்டி."

"இது தாலி, சாமி."

"தெரியுது. கழட்டிடுங்க. பத்து நிமிஷம்தானே, ஏறி இறங்கினதும் போட்டுக்கலாம்" என்று துணிப் பையை விரித்துக்கொண்டு கையை நீட்டினார். அந்தப் பையில் காலேஜ் பிள்ளைகளின் வாட்சும் கம்மலும் பெல்ட்டும் கிடந்தன. அதோடு என் தாலியைப் போட வேண்டுமாம்.

"பாறையில மாட்டிரும்னு சொல்லுதிய, சரி. வேற ஏதாவது வழி இருக்கா சாமி?"

"ரூல்னா ரூல், ஆன்ட்டி. இதெல்லாம் ஒரு நம்பிக்கைதானே. கழுத்துல இருந்தா என்ன, பையில இருந்தா என்ன? அங்கிளுக்கு ஒண்ணும் ஆகாது. அதோ, நல்லா ஜம்முனு நிக்கிறார் பாருங்க."

காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தார். எனக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் கொதித்தது.

அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான். நான் அதை மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கும் கழற்றச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதல் நாளே சொல்லிவிடுவாள்: "அக்கா, மஞ்சக் கயித்துல மாத்திட்டு வந்துருங்க." ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி முதலில் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தங்கத்தைக் கழற்றுவோம். திரும்பப் போடும்போதும் தங்கம் கழுத்தில் ஏறின பிறகுதான் கயிறு இறங்கும். இடையில் கண் இமைக்கிற நேரம்கூடக் கழுத்து மூளியாக இருக்கக் கூடாது. எத்தனையோ பெண்கள் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கே ஒத்துப்போகிற ஒரு வழக்கம், ஒரு பாறைக்கு ஒத்துப்போகாதா? முன்னால் சொன்னால் அல்லவா ஒத்துப்போகும்?

என் மகள் பெங்களூரில் தாலியை லாக்கரில் வைத்திருக்கிறாள். அது அவள் பாடு, அவள் புருஷன் பாடு. நான் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கழற்றுகிறவளை நான் குறை சொல்லவில்லை. கழற்ற மாட்டேன் என்பவளைப் பார்த்து நீ ஏன் சிரிக்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

மகள் என் காதோரம், "எம்மா, எல்லாரும் பாக்காங்க. வேண்டாம்னா விடு. நீ அப்பா கூட உக்காரு, நான் சீக்கிரம் ஏறிட்டு வந்துருதேன்" என்றாள்.

"ஏன் உக்காரணும்? நான் ஏறத்தான் வந்தேன்."

அப்போது கடையநல்லூர்ப் பிள்ளை என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அக்கா, என்னத்துக்கு அந்தாளுகிட்ட மல்லுக்கு நிக்கிய? நானும் கருகமணி போட்டுருக்கேன்லா, எங்களுக்கு அதான் தாலி. பேசாம உள்ள தள்ளி, சட்டையோட சேத்து ஊக்கு குத்திட்டேன். மேல இந்தத் துப்பட்டா. அவரு வந்து பாக்கவா போறாரு? கழுத்து மூளியா ஒரு போட்டோ போச்சுன்னா எங்க மாமியா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா."

அவள் புருஷன், "ஏய், மெதுவாப் பேசு. ஊருக்கே ஒலிபரப்பாத" என்றார்.

"உனக்கு அது சரி தாயி" என்றேன். "எனக்கு ஒளிச்சு வச்சிட்டு ஏறுனா கால் நடுங்கும். பொய் சொல்லிட்டு சாமி பேரச் சொல்லி எப்படி ஏற?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் நெசந்தான். உங்க சாமி உங்களப் பாத்துக்கிடுதாரு, என் ஊக்கு என்னையப் பாத்துக்கிடுது" என்றாள்.

நான் என் வீட்டுக்காரரிடம் போனேன். வருகிற வழியில் ரோடு முக்கில் ஒரு பெட்டிக்கடை பார்த்திருந்தேன். அங்கே மஞ்சள் கயிறும் கிழங்கும் வாங்கி வரச் சொன்னேன். ஜீப்காரர் அண்ணாச்சி, "ஏறுங்க அண்ணாச்சி, ரெண்டு நிமிசந்தான்" என்று வண்டியைத் திருப்பினார். கைடு கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறினால் பாறை சுடும், நேரமாகிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுவும் ஒரு சொல்தான்.

காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். ஜீப் திரும்பி வந்ததும் ஜீப்காரர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "மைனி, கடைக்காரரு கேட்ட கேள்விய அண்ணாச்சிகிட்ட கேளுங்க."

இவர் முகம் வெளிறிப் போயிருந்தது. "என்னத்த கேட்டான்? 'மார்கழில யாருக்கு அண்ணாச்சி தாலி கட்டப் போறிய, வீட்டுக்குத் தெரியுமா?'ன்னு கேக்கான். கடையில நாலு பேரு நிக்காங்க. நான் போலீஸ்ல இருந்தவன்டி. இப்படி ஒரு கேள்விய எவனும் என்னையக் கேட்டதில்ல."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மார்கழியில் தாலிக்கயிறு மாற்றலாமா என்று எனக்குள்ளும் ஒரு உறுத்தல் இருந்தது. நரசிம்மரை நினைத்துக்கொண்டேன். தூணில் இருந்தவருக்குப் பாறையில் இருக்கத் தெரியாதா? பாறைக்குப் பின்பக்கம் போய், கிழக்கே பார்த்து உட்கார்ந்து, வாய் பேசாமல், கிழங்கைக் கயிற்றின் நடுவில் கட்டிக் கழுத்தில் முடிந்துகொண்டேன். அதற்கப்புறம் தங்கத்தைக் கழற்றினேன். மகள் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாலியைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? தங்கம் போய்விட்டது. கழுத்தில் கிடப்பது ஒரு நூல். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

கைடு பார்த்தார். "என்ன ஆன்ட்டி, சங்கிலிக்குப் பதிலா கயிறா? கழுத்துல எதுவுமே கூடாதுன்னு சொன்னேனே."

"நூல் சாமி. மாட்டுனா அறுந்துரும். கழுத்த இறுக்காது."

"அறுந்தா பரவாயில்லையா உங்களுக்கு? அப்புறம் அபசகுனம், அது இதுன்னு எங்க மேல பழி போடுவீங்க."

அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் ஆட்டித்தான் விட்டது. தாலிக்கயிறு தானாக அறுந்துபோவது என்பது எங்கள் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயப்படுகிற விஷயம். பாறையையும் பார்த்தேன், பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிற என் மனுஷனையும் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கைடு குனிந்து என் இடுப்பு வாரைக் கழற்ற வந்தார். குனிந்ததில் அவர் கழுத்து மணி முன்னால் வந்து தொங்கியது.

"சாமி" என்றேன். "உங்க கழுத்துல கெடக்கது என்னது?"

நிமிர்ந்தார். "இது மாலை."

"கழுத்துல எதுவுமே கூடாதுன்னு இப்பத்தான் சொன்னிய?"

"ஆன்ட்டி, இது விரத மாலை. குருசாமி கையால போட்டது. மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் கழட்டவே கூடாது."

அவர் அதை அத்தனை சாதாரணமாகச் சொன்னார். மாலை போட்டவர்களை வையக் கூடாது. மனசுக்குள்கூட வையக் கூடாது என்று வளர்ந்தவள் நான். தெருவில் விளையாடுகிற பொடியன் மாலை போட்டாலும் அந்த மாதம் முழுக்க அவன் சாமிதான், வாங்க போங்கதான். என் எதிரில் நிற்பவரோ ஐயப்பனைச் சுமந்துகொண்டு நிற்கிறார். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, மிச்சம் இருந்ததை மட்டும் சொன்னேன்.

"நானும் அதையே சொல்லுதேன் சாமி. உங்களுக்குக் குருசாமி போட்டது, எனக்கு இவரு போட்டது. நீங்க மலைக்குப் போயிட்டு வந்தா உங்க விரதம் முடிஞ்சிரும். எனக்கு ஆயுசு பூரா விரதம். நீங்க உங்க மாலையக் கழட்டி அந்தப் பையில போடுங்க, நானும் கயித்தக் கழட்டுதேன்."

"ஏட்டி, சாமிகிட்டச் சத்தம் போடாத" என்றார் இவர், பையில் இருந்து கையை எடுக்காமல்.

"எங்க சத்தம் போட்டேன்? சாமி, சாமின்னுதான கூப்பிடுதேன்."

அப்போது மகள் முன்னால் வந்து நின்றாள். அதுவரைக்கும் யாராவது பார்க்கிறார்களா என்று பயந்துகொண்டிருந்தவள். "சார், நீங்க மாலையோடதான் ஏறி மேல கயிறு கட்டுனீங்க. அது எப்படி மாட்டல?" என்று கேட்டாள்.

கைடு பனியன் கழுத்தை விலக்கிக் காட்டினார். "ஏறும்போது உள்ள விட்டு டேப் போட்டுக்குவேன். நகராது."

நெஞ்சோடு சேர்த்து மாலையை ஒட்டுவதற்குப் போட்ட வெள்ளை டேப், ஒரு முனை பிய்ந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் எனக்கு வந்தது ஒன்றும் கோபமே இல்லை. அந்த டேப்பைப் பார்த்ததும் வந்ததுதான் கோபம். வழி தெரியாத ஆள் என்றால் மன்னித்துவிடலாம். இவருக்கு வழி தெரிந்திருக்கிறது. காலையில் எழுந்து, குளித்து, சரணம் சொல்லி, தன் விரதத்துக்கு ஒரு பங்கமும் வராமல் பக்குவமாக டேப் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதே டேப் சுருள் அவர் காலடியில் சாமான் பையில் கிடக்கிறது. வேறு வழி இருக்கிறதா சாமி என்று நான் வாய்விட்டுக் கேட்டபோது, இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் கழுத்தில் கிடந்தால் விரதம், என் கழுத்தில் கிடந்தால் சங்கிலி. இதை எந்த ரூலில் எழுதியிருக்கிறது?

"அந்த டேப்ப எடுங்க" என்றேன். சாமி என்று சொல்ல மறந்துபோனது அந்த ஒரு தடவைதான்.

எடுத்துக் கொடுத்தார். மகள் கயிற்றை உள்ளே விட்டு, நெஞ்செலும்பின் மேல் இரண்டு பட்டையாக ஒட்டினாள். கடையநல்லூர்ப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப எனக்கும் ரெண்டு பட்ட தாங்கண்ணே" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கைடு அவள் துப்பட்டாவை ஒரு பார்வை பார்த்தார்.

ஏறினேன். அதைப் பற்றி நிறைய எழுத எனக்குத் தெரியாது. முதல் பத்தடி சுலபமாக இருந்தது. அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லாத மாதிரி வழுவழுவென்று கிடந்தது. கீழே இருந்து கைடு, "கையை நம்பாதீங்கம்மா, காலை நம்புங்க. கால் எழும்பினா உடம்பு தானா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொழில் தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் பார்க்க முடியவில்லை. பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டேன். மஞ்சள் கிழங்கு நெஞ்சில் குத்தியது. கழுத்துப் பக்கம் ஏதோ இழுக்கிற மாதிரி இருந்தது. கயிறுதான் மாட்டிக்கொண்டது என்று ஈரல்குலை நடுங்கிப்போனேன். நரசிம்மா, அறுத்துவிடாதே என்று கத்தியேவிட்டேன் போலிருக்கிறது. மெதுவாக ஒரு கையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். தலைக்கவசத்தின் வார். கயிறு ஒட்டின இடத்திலேயே இருந்தது.

"அக்கா, வலது கைக்கு மேல ஒரு குழி இருக்கு பாருங்க! அதுல விரல விடுங்க!" கடையநல்லூர்ப் பிள்ளையின் குரல். விட்டேன். குழி இருந்தது.

மேலே போய்க் கயிறு கட்டியிருந்த வளையத்தைத் தொட்டேன். தூரத்தில் தென்காசிக் கோபுரம் விரல் உயரத்துக்குத் தெரிந்தது. மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. கும்பிடக் கையை எடுக்கப் பயமாக இருந்ததால் மனசாலேயே கும்பிட்டுக்கொண்டேன். பிறகு அவர்கள் சொன்னபடி உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றில் உட்கார்ந்த மாதிரி இறங்கினேன். சுடிதாரின் முன்பக்கம் முழுக்க வேர்வையும் மஞ்சளும் ஊறி, தாம்பாளத்து ஆரத்தித் தண்ணி கொட்டின மாதிரி ஆகியிருந்தது.

காலேஜ் பிள்ளைகள் கைதட்டினார்கள். முதலில் சிரித்தவர்களும் இவர்கள்தான். கைடு செல்போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் ஏறியதை முழுக்கப் படம் எடுத்திருக்கிறார்.

"அம்மா, செம வீடியோ! 'தாலியோட பாறை ஏறிய தமிழ்த் தாய்'னு எங்க பேஜ்ல போடப்போறேன். பிச்சுக்கிட்டுப் போகும். நம்ம கலாச்சாரம்மா இது!"

பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாட்சோடும் பெல்ட்டோடும் பையில் கிடக்க வேண்டிய சாமான். இப்போது கலாச்சாரம் ஆகிவிட்டது.

"அழிங்க சாமி."

"ஏன்மா? நல்லா வந்திருக்கு."

"நான் ஏற வந்தேன். உங்க கம்பெனிக்கு விளம்பரத்துக்கு வரல. எனக்கு இது வீட்டு விசயம். அழிங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் அசையவில்லை. அழித்தார். அழித்ததைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு என் வீட்டுக்காரரிடம் போனேன். சட்டைப் பைப் பக்கம் மட்டும் வேர்வையில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. "நான் ஏறுனத பாத்தியளா?" என்று கேட்டேன்.

"எங்கட்டி பாக்க? நீ நரசிம்மான்னு கத்துனதுல இருந்து கண்ண மூடிட்டேன். பையப் பிடிச்சிட்டு அப்படியே நிக்கேன்."

"எம்மா" என்றாள் மகள். "அழிக்கதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லிருக்கலாம்ல?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பார்க்க வேண்டிய மனுஷன் பார்க்கவில்லை, இருந்த படத்தையும் நானே அழிக்கச் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் யார் காரணம்? முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தங்கம் வீட்டுப் பீரோவில் இருந்திருக்கும். இவர் நிம்மதியாக அண்ணாந்து பார்த்திருப்பார்.

பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தாலியைப் போட்டுக்கொண்டு, கயிற்றை இறக்கினேன். மகளும் கடையநல்லூர்ப் பிள்ளைகளும் பாறை ஏறி இறங்கி முடித்து, எல்லாரும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறவில்லை. நேரே கைடிடம் போனேன்.

"சாமி, நாளைக்கும் ஆள் கூட்டிட்டு வாரியளா?"

"ஆமாம்மா, ஒரு ஃபேமிலி வர்றாங்க."

"பொம்பளைங்க உண்டா?"

"இருக்காங்க."

"இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க. நான் நிக்கேன்."

"ரூமுக்குப் போய்ச் சொல்லிடுறேன்மா, நம்புங்க."

"இப்பவே."

என்னைப் பார்த்தார். போனை எடுத்தார். "மேடம், குட் மார்னிங். நாளைக்கு கிளைம்பிங் வர்றீங்கள்ல, அதுக்குத்தான். வரும்போது கழுத்துல, அதாவது உங்க..." என்று இழுத்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"தாலின்னு சொல்லுங்க சாமி. வாய்க்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். "தங்கம் ஆகாது, மஞ்சக் கயித்துல மாத்திட்டு வரச் சொல்லுங்க. டேப் இங்கன இருக்குன்னு சொல்லுங்க. கழட்டிட்டுத்தான் வருவேன்னா அது அவங்க இஷ்டம். அதையும் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஜீப்காரர் அண்ணாச்சி ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று நின்றேன்.